நிலத்தடியில் ஒரு நூற்றாண்டு நெருப்பு

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் புகைவண்டியில் கொழும்பை அடையும் வழி அவ்வாண்டிலே பிறந்தது. கொழும்புக்குச் சபர் சென்ற நம் பாட்டன்மார் பலர் அந்த வழியை அறிந்தவர்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, ஐம்பது ஆண்டுக் காலம் அந்தப் பாதை இராமநாதபுரக் கரையின் வாசலாக விளங்கிற்று.

அந்த வண்டியை இழுத்த கரி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. தமிழ் மண்ணில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி உண்டு. ஆயின் அதுவும் 1950களில்தான் வெட்டத் திட்டமிடப்பட்டது. கருநிலக்கரிச் சுரங்கம் நம்மிடம் இல்லை. ஆகவே தென்னாட்டு இருப்புப்பாதைகள், நைஜாம் அரசின் சிங்கரேணிச் சுரங்கங்களையும், வங்காள பீகார்ச் சுரங்கங்களையும் நம்பியிருந்தன. பின்னவற்றின் கரி கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறித் தெற்கே வந்தது.

பாம்பன் பாலம் திறந்து இரண்டே ஆண்டுகள் கழிந்து, 1916இல், அந்தப் பீகார்ச் சுரங்க வெளியில், ஜரியாவுக்கு அருகிலுள்ள பௌரா என்னும் இடத்தில், நிலத்தடிக் கரியில் நெருப்புப் பற்றியது. அதன்பின் எத்தனையோ மாறிவிட்டன. தனுஷ்கோடி மண்மேடாயிற்று. நீராவி இன்ஜின்கள் காட்சிப் பொருள்களாயின. பழைய பாம்பன் பாலமும் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. ஜரியாவில் அன்று தொடங்கிய நெருப்பு வரிசை மட்டும் இன்னும் முற்றாக அணையவில்லை.

இதனை இயற்கையின் சீற்றம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. சுரங்க நெருப்பு ஏன் உண்டாகிறது, எவ்வாறு தடுப்பது, எவ்வாறு அடக்குவது என்பவை நெடுங்காலமாகவே தெரிந்த செய்திகள். தெரிந்ததைச் செய்யச் செலவாகும்; அந்தச் செலவைப் பலரும் பின்னுக்குத் தள்ளினர். ஜரியாவின் கதை அந்தத் தள்ளிப்போடுதலின் கதையே ஆகும்.

கரி ஏன் தானே எரிகிறது?

தீக்குச்சி கிழித்துப் போட்டால்தான் கரி எரியும் என்று நாம் நினைக்கிறோம். சுரங்கத்தில் அப்படியன்று. புதிதாக வெட்டப்பட்ட கரியின் முகம் காற்றிலுள்ள உயிர்வளியை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது சிறிது வெப்பம் பிறக்கிறது. நல்ல காற்றோட்டம் இருந்தால் அந்த வெப்பத்தைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். காற்றே இல்லாவிட்டால் வெப்பமே பிறவாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆபத்தானது. கரித்தூளும் உடைந்த கரியும் குவிந்து கிடக்கும் மூலையில், உயிர்வளியைக் கொடுக்கும் அளவுக்குக் காற்று கசிந்து, வெப்பத்தைக் கொண்டுபோகும் அளவுக்கு ஓடாமல் நின்றால், வெப்பம் நாளுக்கு நாள் கூடும். வெப்பம் கூடக்கூட உறிஞ்சும் வேகமும் கூடும். முடிவில் கரி கனன்றுவிடும்.

நம் கிராமத்து உழவர் இதை வேறு வடிவில் அறிவர். ஈரம் உலராத வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே சூடேறி, சிலபோது புகைந்தும் விடும். கொப்பரை ஏற்றிய கப்பல்காரரும் அறிவர். சரியாகக் காயாத கொப்பரை கப்பலின் அடித்தளத்தில் தானே சூடாகும். நிலக்கரி ஏற்றிச் சென்ற கப்பல்கள் நடுக்கடலில் தாமே தீப்பற்றி அழிந்த நிகழ்ச்சிகள் பெருகியதால், 1870களில் பிரிட்டிஷ் அரசு அதனை ஆராய ஓர் ஆணைக்குழுவே அமைத்தது. கப்பலின் வயிற்றிலும் நிலத்தின் வயிற்றிலும் நடப்பது ஒன்றுதான்.

அடக்கும் வழியை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவோரைப் பார்த்தாலே போதும். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றுக்குச் சிறு துளைகள் மட்டும் விட்டுத் தீ வைக்கிறார்கள். பின்னர் இரவும் பகலும் மூட்டத்தைச் சுற்றி வருகிறார்கள். மண்ணில் எங்கேனும் வெடிப்புக் கண்டால் உடனே பூசி அடைக்கிறார்கள். ஒரு வெடிப்பைக் கவனியாமல் விட்டால் காற்றுப் புகுந்து அத்தனை விறகும் சாம்பலாகிவிடும். கரி முற்றியதும் எல்லாத் துளைகளையும் அடைக்கிறார்கள். நெருப்பு மூச்சடைத்து அவிகிறது. சுரங்க நெருப்பை அடக்கும் கலை முழுவதும் இந்த மூட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. மூட்டம் ஒரு வீட்டளவு. சுரங்கமோ பல ஊர்களின் அளவு. வேறுபாடு அவ்வளவே.

ஜரியாவில் நடந்தது என்ன?

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் தன்பாத் மாவட்டத்தில், தாமோதர் ஆற்றையொட்டி ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பரந்து கிடப்பது ஜரியா நிலக்கரி வயல். எஃகு உலைகளுக்கு ஏற்ற முதல்தரக் கோக் கரி இந்தியாவில் இங்குதான் கிடைக்கிறது. 1890களில் இருப்புப்பாதை அங்கு எட்டியதும் சுரங்கங்கள் பெருகின. ஜமீன்தாரிடம் குத்தகை பெற்ற பெரியவரும் சிறியவரும் ஆங்காங்கே தோண்டினர். கரிப் படுகைகள் தடிப்பானவை. ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கப்பட்டவை. பல இடங்களில் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே கிடந்தவை. இந்த வளமே பின்னர் வினையாயிற்று.

அந்நாளில் வழக்கமான முறை, கரியிலேயே தூண்களை நிறுத்திக்கொண்டு இடையிலுள்ளதை வெட்டி எடுப்பது. எளிதில் கிடைப்பதை எடுத்ததும் சுரங்கத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போயினர். சிலர் தூண்களையும் செதுக்கிச் செதுக்கி மெலிய வைத்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்த தூண்கள் நொறுங்கின, கூரை இடிந்தது, மேலே தரை பிளந்தது. பிளவு வழியே காற்று இறங்கியது. கீழே நொறுங்கிய கரி குவிந்து கிடந்தது. தானே பற்றுவதற்கு வேண்டிய அனைத்தும் கூடிவிட்டன. 1930 நவம்பர் 8 அன்று காஸ் ஜரியா சுரங்கத்தின் மேலிருந்த தரை நெருப்பினால் பதினெட்டு அடி ஆழத்துக்கு அமிழ்ந்தது. வீடுகளும் மாளிகைகளும் இடிந்தன. அது ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கேட்டவர் குறைவு.

மணலின் கதை

இதற்கு மருந்து இருந்ததா? இருந்தது. கரி எடுத்த வெற்றிடத்தை மணலால் நிரப்புவதே அம்மருந்து. மணலை நீரோடு கலந்து குழாய் வழியே சுரங்கத்துக்குள் செலுத்துவர். நீர் வடிந்து ஓடும். அதை மீண்டும் மேலே இறைத்துவிடுவர். மணல் இறுகித் தங்கிவிடும். கூரை தாங்கப்படும், தரை அமிழாது, பிளவு விழாது, காற்றுப் புகாது, தூண்களில் விடப்பட்ட கரியையும் அச்சமின்றி எடுக்கலாம். ஐரோப்பாவின் சைலீசியச் சுரங்கங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஜரியாவுக்குப் பக்கத்திலேயே தாமோதர் ஆறு மணலைச் சுமந்துகொண்டு ஓடியது.

ஆனால் மணல் கரியைவிடக் கனமானது. ஒரு டன் கரி எடுத்த இடத்தை நிரப்ப ஒரு டன்னுக்கும் கூடுதலான மணல் வேண்டும். ஆற்றிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். குழாய் போட வேண்டும். நீரை இறைக்க வேண்டும். சந்தையில் கரியின் விலை இறங்கும் காலத்தில் எந்த முதலாளி இதைச் செய்வான்? பக்கத்துச் சுரங்கக்காரன் செய்யாதபோது தான் மட்டும் செய்தால் நட்டம் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். ஆகவே பெரும்பாலோர் செய்யவில்லை.

1936 டிசம்பரில் இராணிகஞ்ச் வயலின் பொய்டி சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 209 பேர் மாண்டனர். அந்த ஆண்டின் விபத்துகள் அரசை உலுக்கின. பர்ரோஸ் என்பாரின் தலைமையில் அமைந்த குழு 1937இல் அறிக்கை அளித்தது. கரியை வீணாக்கும் முறைகளையும், தொழிலாளர் உயிரைப் பொருட்படுத்தாப் போக்கையும் அது வெளிப்படையாகக் கண்டித்தது. அதன் விளைவாக 1939இல் மணல் நிரப்பலுக்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. வெட்டியெடுக்கும் கரிமீது தீர்வை வாங்கி, அப்பணத்தைக் கொண்டு மணல் நிரப்ப உதவுவது அதன் நோக்கம். எல்லோரும் சேர்ந்து தாங்கவேண்டிய செலவை எல்லோரிடமும் வாங்குவது என்னும் நல்ல கருத்து அது. ஆனால் அதற்குள் நாற்பது ஆண்டுக்கும் மேலான வெற்றிடங்கள் மண்ணுக்கடியில் வாய் பிளந்து கிடந்தன. அவற்றை நிரப்ப எவரிடம் கணக்குக் கேட்பது?

நெருப்பை முன்னறிவது எப்படி?

நெருப்பு கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கைமீறிவிடும். ஆகவே அதன் அடையாளங்களை முன்கூட்டியே அறிவது சுரங்கக் கலையில் முதன்மையானது. பழந்தொழிலாளர் மூக்கால் அறிந்தனர். சுவர் வியர்க்கும், இலேசான மூடுபனி போலத் தோன்றும், மண்ணெண்ணெய் போன்ற ஒரு நாற்றம் வரும். இவை தோன்றினால் உள்ளே கரி சூடேறுகிறது என்று பொருள்.

மூக்கால் அறிய முடியாத ஒன்றும் உண்டு. அதுவே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்று. மூடிய அறையில் கரிக் கணப்பு வைத்து உறங்கியவர் காலையில் எழாமற் போவது இதனால்தான். நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் மருத்துவ அறிஞர், சுரங்க வெடிப்புகளில் மாண்டவர்களில் பெரும்பாலோர் வெடியால் அல்ல, இந்த நச்சுக் காற்றாலேயே மாண்டனர் என்று 1896இல் எடுத்துக்காட்டினார். மனிதனைவிட விரைவில் இதற்கு ஆட்படும் சிற்றுயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லலாம் என்று அவர் கூறிய யோசனையாலேயே கானரிக் குருவி சுரங்கத் தொழிலாளியின் தோழனாயிற்று. பிரிட்டனில் 1986 வரை அந்தக் குருவிகள் பணியில் இருந்தன.

பின்னர்க் கருவிகள் வந்தன. சுரங்கக் காற்றில் எவ்வளவு உயிர்வளி குறைந்திருக்கிறது, அதற்கு ஈடாக எவ்வளவு கார்பன் மோனாக்சைடு கூடியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பர். இதற்கு கிரஹாம் விகிதம் என்று பெயர். நூற்றுக்கு அரை என்ற அளவுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றைத் தாண்டினால் எங்கோ கரி சூடேறுகிறது. மூன்றை நெருங்கினால் நெருப்பு உறுதி. வாரந்தோறும் இந்த எண்ணைக் குறித்து வந்தால், அது ஏறுவதைக் கொண்டே நெருப்பு பிறப்பதற்குப் பல நாள் முன்னரே அறிந்துகொள்ளலாம்.

இன்னொரு தற்காப்பும் உண்டு. வெட்டத் தொடங்கியதிலிருந்து கரி தானே பற்றுவதற்கு ஆகும் காலம் ஒவ்வொரு படுகைக்கும் வேறுபடும். சிலவற்றுக்குச் சில மாதங்கள், சிலவற்றுக்கு ஓராண்டுக்கும் மேல். ஆகவே சுரங்கத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தக் காலம் முடிவதற்குள் ஒரு பகுதியை வெட்டி முடித்து, வாயில்களைச் சுவரெழுப்பி மூடிவிட வேண்டும். இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் இதனைக் கட்டாயமாக்கியுள்ளன.

பற்றிவிட்டால்?

சிறு நெருப்பானால் கனன்ற கரியைத் தோண்டி வெளியேற்றலாம். பெரிதானால் அந்தப் பகுதியையே சுவரெழுப்பி அடைக்க வேண்டும். அடைக்கும் பொழுதே ஆபத்தும் மிகுதி. காற்றோட்டம் நின்றதும் எரிவாயு தேங்கி வெடிக்கக்கூடும். அடைத்தபின் அவசரப்பட்டுத் திறக்கலாகாது. உயிர்வளி மிகக் குறைந்தபோதும் கரி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். திறந்ததும் புதுக்காற்றுப் பட்டு மீண்டும் பற்றும். தண்ணீர் ஊற்றினால் தீருமே என்று தோன்றும். செக்கச்சிவந்த கரியின்மேல் நீர் பட்டால் எரியக்கூடிய வாயுக்கள் பிறந்து வெடிப்பு நேரும். ஆகையால் நைட்ரஜன் போன்ற எரியவிடாத வாயுவைச் செலுத்துவதும் இந்நாளில் உண்டு. மேற்பரப்புக்கு அருகிலுள்ள நெருப்பானால், அதைச் சுற்றி ஆழமான அகழி வெட்டி மற்றக் கரியிலிருந்து பிரிப்பர்; பிளவுகளை மண்ணால் மூடுவர்; இல்லையேல் நெருப்பையே தோண்டி எடுத்துவிடுவர்.

இவை அனைத்திலும் தாமதமே பகைவன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்னும் சிற்றூர் இருந்தது. 1962இல் ஊர்க் குப்பைக்கு வைத்த தீ பக்கத்துப் பழஞ்சுரங்கத்துக்குள் இறங்கியது என்பதே பெரும்பாலோர் கொள்கை. தொடக்கத்தில் முழுமையாகத் தோண்டிவிட்டிருந்தால் சிறு செலவில் முடிந்திருக்கும். அரைகுறையாகப் பலமுறை முயன்றனர். பணம் தீர்ந்ததும் நிறுத்தினர். 1980களில் ஊர் மக்களை வெளியேற்றவே 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கவேண்டியதாயிற்று. ஊர் போய்விட்டது, நெருப்பு இருக்கிறது. செல்வ நாட்டிலும் மனிதன் மனிதன்தான்!

மலாயாவுக்குச் சபர் சென்றோர்க்குச் சிலாங்கூரின் பத்து ஆராங் என்ற பெயர் தெரிந்திருக்கும். மலாய் இரயில்வேக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கரி தந்த ஊர் அது. 1915 முதல் 1960 வரை சீனரும் தமிழரும் அங்கே வெட்டினர். அந்தக் கரியும் எளிதில் தானே சூடேறும் இனம். அதைச் சேமித்து வைப்பதே பெருங்கவலையாக இருந்தது. கரியின் இயல்பு எங்கும் ஒன்றே. நம்மவர் அதை நெருங்கி வாழ்ந்தும் இருக்கிறார்கள்.

இன்று வரை

1971 அக்டோபரில் கோக் கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை இந்திய அரசு ஏற்றது. 1972 மே 1 அன்று அவை தேசவுடைமையாயின. அப்போது ஜரியாவில் 17.32 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் 70 நெருப்புகள் எரிந்துகொண்டிருந்ததாகக் கணக்கெடுக்கப்பட்டது. எரிந்து அழிந்த கரி சுமார் 3 கோடியே 70 லட்சம் டன் என்று மதிப்பிட்டனர். எஃகுக்கான கரியை அயல்நாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கும் நாட்டில் இது சிறு இழப்பன்று.

தனியார் போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்படிச் சொல்வது நேர்மையாகாது. 1994 ஜனவரி 25 அன்று, அரசுச் சுரங்கமாகிய இராணிகஞ்ச் வயலின் நியூ கெண்டாவில் நிலத்தடியில் தீப்பற்றி 55 தொழிலாளர் மாண்டனர். உடைமை மாறினால் மட்டும் போதாது; கவனமும் மாறவேண்டும்.

1997இல் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ஹராதன் ராய் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நெருப்புக்கும் நிலச்சரிவுக்கும் மேலே வாழும் மக்களைக் காக்கவேண்டும் என்பது அவர் வழக்கு. அதன் பயனாக, 2009 ஆகஸ்டில் ஜரியாவுக்கும் இராணிகஞ்சுக்குமாக 7,112 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஜரியாவிலிருந்து மக்களைக் குடியேற்றப் பெல்காடியா என்னும் புது ஊர் எழுப்பப்பட்டது. ஆனால் கூலி வேலை ஜரியாவில், வீடோ தொலைவில். வீடு கொடுத்தவர்கள் பிழைப்பைக் கொடுக்கவில்லை என்று மக்கள் முறையிட்டனர். புகை எழும் பிளவுகளுக்கு அருகிலேயே வாழ்வோம் என்று பலர் தங்கிவிட்டதன் காரணம் அறியாமையன்று, வறுமை. 2025 ஜூன் 25 அன்று, பிழைப்புக்கும் வழி தேடும் வகையில் திருத்திய திட்டத்துக்கு 5,940 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அரசு ஒப்பியது. மேற்பரப்பில் நெருப்புத் தெரியும் இடங்கள் 77இலிருந்து 27ஆகக் குறைந்துள்ளதாக அரசு கூறுகிறது. குறைந்திருப்பது உண்மையானால் மகிழ்ச்சியே. ஆயினும் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அன்று மணல் நிரப்ப ஆகியிருக்கும் செலவு, கரியின் விலையில் ஒரு பங்கு. அதை மிச்சப்படுத்தியவர்கள் இலாபத்தோடு போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற கடனைக் கட்டுவது பின்வந்த தலைமுறைகளின் பொதுப்பணம். அதைவிடக் கொடிதாக, அந்தச் சுரங்கத்தில் ஒரு கல்லைக்கூட உடைமையாகப் பெறாத ஏழைகளின் வீடும் உடல்நலமும்.

கரி நமக்குத் தொலைவான பொருளன்று. 1979இல் இயங்கத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்குக் கிழக்குக்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் கரி வந்தது. அதன் மின்சாரம் தென் மாவட்டத்து வீடுகளில் விளக்கெரித்தது. அன்று புகைவண்டி, இன்று மின்விளக்கு. எங்கோ ஒருவர் மண்ணுக்குள் இறங்கி வெட்டித் தந்ததன் பயனை நாம் இங்கே துய்க்கிறோம். மண்ணிலிருந்து எடுப்பது அமானிதம் என்றால், எடுத்த இடத்தை அடைத்துச் செல்வதும் அந்த அமானிதத்தில் அடங்கும். ஜரியாவின் பிள்ளைகள் இன்று மிதித்து நடக்கும் சூடான தரை, எடுத்தவர்கள் அதைச் செய்யாமல் போனதற்குச் சான்றாக இருக்கிறது.